எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் டேப் அடித்தல்

லாரி முதலிய டீசல் எஞ்சின்களின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் துளையிட்டு, டேப் எனும் மரைவெட்டியால் உள்மரை வெட்டி, புகையின் வெப்பத்தை அளக்கும் சென்சாரைப் பொருத்தும் பட்டறை வேலை. பொருத்தப்படுவது பெரும்பாலும் கே வகை தெர்மோகப்பிள். நிக்கல்-குரோமியம், நிக்கல்-அலுமினியம் கலவைக் கம்பிகளின் இணைப்பு சூடாகும்போது 1 டிகிரி செல்சியசுக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட் பிறக்கும். இவ்விளைவை 1821இல் இயற்பியலாளர் சீபெக் கண்டார். புகையால் சுழலும் டர்போவுக்கு முன்னால் அளப்பதே நம்பகமானது. அதைத் தாண்டிய புகை குளிர்ந்துவிடும்.

மேனிஃபோல்டு பெரும்பாலும் வார்ப்பிரும்பு என்பதால் சீவல் சுருளாக வராது, தூளாக உதிரும். அத்தூள் டர்போவின் சக்கர இதழ்களைக் கெடுக்கும். எனவே மேனிஃபோல்டைக் கழற்றித் துளையிடுவதே முறை. வண்டியிலேயே செய்வோர் டிரில் முனையிலும் டேப்பின் காடிகளிலும் கிரீஸ் தடவி, அடிக்கடி வெளியே எடுத்துத் துடைப்பர். 1/8 அங்குலக் கூம்புக் குழாய்மரைக்கு ஏறத்தாழ 8.6 மில்லிமீட்டர் துளை வேண்டும். டேப்பை அரைச்சுற்று முன்னும் கால்சுற்று பின்னுமாகத் திருப்புவர். அவசரப்பட்டால் உள்ளேயே முறியும், அதை எடுப்பது துளையிடுவதைவிடப் பெரும்பாடு.

புல்டோசர் போன்ற மண்வேலை எந்திரங்களின் டீசல் எஞ்சின்களுக்கும் இது பொருந்தும். 1964இல் தொடங்கிய பெமல் நிறுவனத்தின் ஆலை கோலார் தங்கவயலில் இத்தகைய புல்டோசர்களைத் தயாரிக்கிறது.