கால் போனாலும் முழங்கால் இருந்தால்...

கம்பம் பள்ளத்தாக்கில் நெல் நடவு, வாழைக்கு மண் அணைப்பது, திண்ணையில் குத்த வைத்துப் பேசுவது என எல்லாவற்றுக்கும் முழங்கால் வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் விபத்திலோ சர்க்கரை நோயிலோ காலை இழந்தால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, முழங்கால் தப்பியதா என்பதுதான்.

தப்பியிருந்தால் அது பெரிய சொத்து. செயற்கைக்கால் போட்டாலும் சொந்த மூட்டை மடக்கி நடக்கலாம். முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டால் மூட்டும் செயற்கைதான். நடக்கக் கூடுதல் சக்தி செலவாகும்.

பழைய மேல்நாட்டுச் செயற்கைக்கால்கள் ஷூ போட்டு நாற்காலியில் உட்காருபவர்களுக்காகச் செய்யப்பட்டவை. நம் வரப்புக்கு அவை ஒத்துவரவில்லை. 1960களின் இறுதியில் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் டாக்டர் பி.கே.சேத்தியும் ரப்பர் பாதம் ஒன்றை உருவாக்கினார்கள். அதைப் போட்டு வெறுங்காலோடு வயலில் இறங்கலாம், குத்த வைத்தும் உட்காரலாம்! 1981-ல் திருச்சி அருகே நடந்த விபத்தால் வலது காலை இழந்த சுதா சந்திரன், ஜெய்ப்பூர் காலோடுதான் மீண்டும் மேடையில் ஆடினார்.

மூட்டு மாற்று சிகிச்சையின் வரலாறு வேறு. 1890-ல் பெர்லினில் டாக்டர் க்ளுக் தந்தத்தில் முழங்கால் மூட்டு செய்து பொருத்தினார். கிருமித் தொற்றால் அந்த முயற்சி நிலைக்கவில்லை. 1974-ல் நியூயார்க்கில் டாக்டர் இன்சாலும் அவர் குழுவினரும் பொருத்தத் தொடங்கிய உலோக, பிளாஸ்டிக் மூட்டுதான் இன்றைய மூட்டுகளுக்கு முன்னோடி.

இந்த இரண்டு வரலாறும் ஒரே மனிதரிடம் சந்தித்தால்? செயற்கைக்கால் போட்டவர் நல்ல காலில்தான் அதிக பாரம் போடுவார். பெரும்பாலும் அந்த மூட்டுதான் முதலில் தேயும். அதை மாற்றினால், புது மூட்டு தேறும்வரை செயற்கைக்கால்தான் தாங்க வேண்டும்.

எடுத்த காலின் மூட்டே தேய்ந்தால் இன்னும் சிக்கல். புது மூட்டை நேராக வைக்க டாக்டர்கள் கணுக்காலை அடையாளமாக வைத்து அளப்பது வழக்கம். இங்கே கணுக்காலே இல்லை! மிஞ்சிய எலும்பை வைத்தே அளக்க வேண்டும். வீக்கம் வடியும்வரை செயற்கைக்காலை மாட்டவும் முடியாது.

இத்தகைய ஆபரேஷன்கள் உலகிலேயே குறைவு. ஆனாலும் செய்துகொண்டு மறுபடி செயற்கைக்காலோடு நடந்தவர்கள் உண்டு. எனவே முடியாது என்று தானாக முடிவு கட்டாமல் எலும்பு டாக்டரிடம் கேட்பது நல்லது. காலை எடுத்த அன்று ஒரு டாக்டர் காப்பாற்றிய முழங்கால்தான், பல வருடம் கழித்து இன்னொரு டாக்டருக்கு வழி விடுகிறது.