வில்லுக்கத்தியின் மூட்டு

வில்லுக்கத்தி என்ற சொல் தமிழகத்து வாசகர்கள் சிலருக்குப் புதிதாக இருக்கக்கூடும். அங்கே மடக்குக்கத்தி, பேனாக்கத்தி என்று வழங்குவதை ஈழத்தில் நாம் வில்லுக்கத்தி என்போம். பிடியின் முதுகுப்புறத்தில் ஓர் உருக்குப் பட்டை வில்லாக நின்று அலகின் அடியை அழுத்திப் பிடிக்கிறது. பெயர் அதனால் வந்தது. வெட்டும் அலகை விட்டுவிட்டு, மறைந்திருக்கும் வில்லைக் கொண்டு பெயர் சூட்டியவர்கள் இப்பொருளை நன்கறிந்தவர்கள் என்பது என் எண்ணம்.

வன்னியில் கத்திகளுக்கு என்றுமே குறைவிருந்ததில்லை. பற்றை வெட்டக் காட்டுக்கத்தி, தேங்காய்க்கும் விறகுக்கும் கொடுவாக்கத்தி, ஓலை வாரச் சத்தகம் என்று வேலைக்கொன்று உண்டு. வில்லுக்கத்தி இவற்றின் கூட்டத்தில் சேராதது. அது மடியில் வெற்றிலைப் பையோடு கிடப்பது. பாக்குச் சீவவும், கயிறு அறுக்கவும், குளம்பில் ஏறிய முள்ளைத் தோண்டவும் வெளியே வருவது.

போர்நிறுத்த காலத்தில், 2003இல், செய்தி சேகரிக்கச் சென்றபோது புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு கொல்லர் பட்டறையில் சற்று நேரம் இருந்தேன். கத்தியைக் கையில் எடுத்ததும் வழக்கம்போல் விரலால் கூர் பார்த்தேன். கொல்லர் சிரித்தார். "வெட்டுறதைப் பிறகு பாருங்கோ ஐயா. முதல்ல மடங்கிறதைப் பாருங்கோ" என்றார். கூரைத் தீட்டுகல்லில் எவரும் ஏற்றலாம், மூட்டை ஏற்ற முடியாது என்பது அவர் கட்சி.

அலகை விரித்து நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் இருக்கக்கூடாது. வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால் வில்லுக்கும் பிடியின் பக்கத் தகட்டுக்கும் இடையில் கீற்றொளி தெரியக்கூடாது. விரித்தாலும் மடித்தாலும் வில்லின் முதுகு பிடியோடு ஒரே மட்டத்தில் நிற்கவேண்டும். விரித்தபோது மட்டமாகவும் மடித்தபோது துருத்தியும் நின்றால் அரம் பிடித்த கை அவசரப்பட்டிருக்கிறது. மடக்கும்போது எழும் ஓசை ஒரே 'டக்'காக இருக்கவேண்டும். பலர் கவனிக்காத இன்னொன்று: மடங்கிய அலகின் கூர் உள்ளே வில்லில் முட்டினால், ஒவ்வொரு முறை மூடும்போதும் அதே இடம் மழுங்கும். பத்துமுறை மூடித் திறந்து கூரைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இவை அனைத்துக்கும் அடியில் இருப்பது தோய்ச்சல். சிவக்கக் காய்ச்சித் தோய்த்த உருக்கு கடினமாகும், ஆனால் எளிதில் உடையும். ஆகவே மீண்டும் மெல்லச் சூடேற்றி அதன் முரட்டைத் தணிக்கவேண்டும். மினுக்கிய உருக்கின் மேல் அப்போது நிறங்கள் ஓடும். ஏறத்தாழ 230 பாகை செல்சியசில் வைக்கோலின் மஞ்சள். அங்கே நிறுத்தினால் கூர் தாங்கும் அலகு. 300 பாகையை நெருங்க நீலம்; அங்கே நிறுத்தினால் வளைந்து மீளும் வில்லு. ஒரே உருக்கில் இரண்டு குணங்கள், இடையே சில கணங்கள். வெப்பமானி இல்லாமல் கண்ணால் மட்டும் இதைப் பிடிப்பவனே கொல்லன். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் இரும்பும் தடைப்பட்டிருந்தது. அப்போது பழைய லொறியின் வில்லுத்தகடுதான் மூலப்பொருள் என்றார் அவர். நல்ல உருக்குத்தான், வில்லிலிருந்து வில்லு.

இந்த மூட்டு வேலை வெள்ளைக்காரனோடு வந்தது என்று சொல்வோர் உண்டு. ஷெபீல்ட் நகரத்து ஜோசப் ரொட்ஜர்ஸ் நிறுவனத்தின் நட்சத்திரமும் சிலுவையும் பொறித்த கத்திகள் உலகெங்கும் புகழ் பெற்றவை, மறுக்கவில்லை. ஆனால் நம்மிடம் மடக்கெழுத்தாணி இருந்தது. உ. வே. சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் எழுத்தாணி வகைகளைச் சொல்லும்போது அதனை விவரிக்கிறார்: மரம், தந்தம், மாட்டுக்கொம்பு ஆகியவற்றில் ஒன்றால் பிடி, அதன் ஒருபுறம் எழுத்தாணி, மறுபுறம் கத்தி, இரண்டும் மடங்கும். கத்தி ஓலையை வாரி நறுக்குவதற்கு. ஆங்கிலேயரின் பேனாக்கத்தியும் இறகுப் பேனாவைச் சீவ எழுந்ததுதான். இரு நாடுகளிலும் எழுதுகிறவனின் மடியில் ஒரு சிறு கத்தி கிடந்தது.

எழுத்தாணியின் மூட்டுக்குச் சோதனை இன்னும் கடுமை. ஓலையின் நார் நீளவாக்கில் ஓடுவது. முனை ஒரு நூல் பிசகினாலும் ஓலை கிழியும். புள்ளி குத்தினால் துளை விழும் என்றே மெய்யெழுத்துப் புள்ளிகளைப் பலர் விட்டுவிட்டார்கள். பாக்குச் சீவும் கத்தியின் ஆட்டத்தைப் பொறுக்கலாம், எழுதும் முனையின் ஆட்டத்தைப் பொறுக்க இயலாது. வன்னியில் கூத்துக் கொப்பிகளை ஏட்டில் வைத்திருந்த அண்ணாவிமாரும், வாகடம் வைத்திருந்த பரியாரிமாரும், சாதகம் எழுதியோரும் இந்த நுட்பத்தின் வாடிக்கையாளர்கள்.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது அழிந்த ஏடுகளைப் பற்றி எழுதினோம், எழுதிக்கொண்டும் இருக்கிறோம். ஏடு எழுதிய கருவிகள் எத்தனை எங்கே போயின என்று பத்திரிகைக்காரர் நாம் கேட்கவில்லை. 2009இல் வன்னி மக்கள் ஊர் ஊராகப் பெயர்ந்து முள்ளிவாய்க்கால் வரை தள்ளப்பட்டபோது, பெட்டியடியில் கிடந்த துருப்பிடித்த இரும்பை யார் தூக்கியிருப்பார்? சோதனைச் சாவடிகளின் காலத்தில் மடியில் கத்தி வைத்திருப்பதே வினை. வன்னிக் கடைகளில் இன்று தொங்குபவை பெரும்பாலும் இறக்குமதியான தகரப்பிடிக் கத்திகள். வில்லு சில மாதங்களில் தளர்ந்து, சட்டைப்பையிலேயே விரிந்துகொள்ளும்.

ஆயினும் சில வீடுகளில், புலம்பெயர்ந்தோர் அலுமாரிகளிலும், பழைய வில்லுக்கத்தியோ மடக்கெழுத்தாணியோ கிடக்கும். கண்டால் உப்புத்தாள் போட்டு மினுக்கவேண்டாம். துருவோடு அரத்தின் தடமும் கொல்லனின் குறியும் போய்விடும். இறுகியிருந்தால் நெம்பவும் வேண்டாம். கொம்புப் பிடி வெடிக்கும், தறைந்த ஆணி தளரும். மூட்டில் தையல் இயந்திர எண்ணெய் இரண்டு துளி விட்டு, ஒருநாள் பொறுத்து, பிறகு மெல்ல விரித்துப் பாருங்கள்.