ரோட்டரி சங்கம்

ரோட்டரி சங்கம் (சுழற்சங்கம்) என்பது வணிகர்களும் பல்வேறு தொழில்துறை வல்லுநர்களும் உறுப்பினராக உள்ள பன்னாட்டுச் சேவை அமைப்பு ஆகும். இதன் தலைமையகம் ஐக்கிய அமெரிக்காவின் இலினொய் மாநிலத்தில் எவன்ஸ்டன் நகரில் அமைந்துள்ளது. உலகெங்கும் ஏறத்தாழ 12 இலட்சம் உறுப்பினர்களைக் கொண்டது. சமயச் சார்போ கட்சி அரசியல் சார்போ அற்றது. இதே வகையைச் சேர்ந்த கிவானிஸ் (1915), லயன்ஸ் (1917) ஆகிய சங்கங்கள் இதற்குப் பின்னர்த் தோன்றியவை.

தோற்றமும் பெயரும்

பெப்ரவரி 23, 1905 அன்று சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் மூன்று நண்பர்களுடன் கூடியதே முதற்கூட்டமாகக் கருதப்படுகிறது. அவர்களுள் ஒருவர் நிலக்கரி வணிகர், ஒருவர் சுரங்கப் பொறியாளர், மற்றவர் தையற்கலைஞர். உறுப்பினர்களின் அலுவலகங்களில் மாறி மாறிக் கூடியதால் சுழற்சியைக் குறிக்கும் ரோட்டரி என்ற பெயர் அமைந்தது. சுழற்சங்கம் என்னும் தமிழ்ப் பெயர் அப்பொருளை அப்படியே தருகிறது.

பரவலாக எண்ணப்படுவது போல் இது தொடக்கத்திலேயே சேவை அமைப்பாக இருக்கவில்லை. நட்பும், உறுப்பினர்கள் தம்முள் வணிகம் செய்துகொள்வதுமே முதல் நோக்கங்கள். 1907இல் சிகாகோவில் பொதுக் கழிப்பிடங்கள் அமைக்க முயன்றதே முதற்பணி எனலாம். 1908இல் சான் பிரான்சிஸ்கோவில் இரண்டாவது சங்கம் உருவானது. 1910இல் 16 சங்கங்கள் இணைந்து தேசிய அமைப்பை நிறுவின. பன்னாட்டு ரோட்டரி என்னும் பெயர் 1922 முதல் வழங்குகிறது.

உறுப்பினர் முறை

விரும்பியவர் எவரும் நேரே சேர்ந்துவிட முடியாது. சங்கத்தின் அழைப்பு வேண்டும். ஒரு தொழிலுக்கு ஒருவர் என்பது பழைய விதி. ஒரே தொழிலைச் சேர்ந்தவர்கள் சங்கத்தை நிறைத்துவிடாமல் இது தடுத்தது. பிற்காலத்தில் இவ்விதி தளர்த்தப்பட்டது.

உறுப்பினர்கள் கடைப்பிடிக்க வேண்டிய "நால்வழிச் சோதனை", 1932இல் நொடித்துப்போகும் நிலையில் இருந்த அலுமினியப் பாத்திர நிறுவனம் ஒன்றை மீட்க எர்பர்ட் டெய்லர் எழுதியதாகும். உண்மையா, அனைவருக்கும் நியாயமா, நல்லெண்ணத்தை வளர்க்குமா, அனைவருக்கும் நன்மை தருமா என்பன அதன் கேள்விகள். 1943இல் ரோட்டரி இதனை ஏற்றுக்கொண்டது.

பெண் உறுப்பினர்

அனைவருக்கும் நியாயமா என்று கேட்ட அமைப்பு, எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆண்களை மட்டுமே சேர்த்துவந்தது. கலிபோர்னியாவின் துவார்ட்டே நகரச் சங்கம், உறுப்பினர் எண்ணிக்கை குறைந்துபோன நிலையில், 1977இல் மூன்று பெண்களைச் சேர்த்தது. இதற்காக 1978இல் அச்சங்கத்தின் அங்கீகாரம் பறிக்கப்பட்டது. ஆயினும் அது கலையவில்லை. "முன்னாள் ரோட்டரி சங்கம்" என்ற பெயரில் தொடர்ந்து கூடியதுடன் நீதிமன்றத்தையும் நாடியது. விசாரணை நீதிமன்றத்தில் தோற்று, 1986இல் மேல்முறையீட்டில் வென்றது. மே 4, 1987 அன்று அமெரிக்க உச்சநீதிமன்றம், ரோட்டரி சங்கங்கள் பெண்களைச் சேர்க்க வேண்டும் எனக் கலிபோர்னியச் சட்டம் கட்டாயப்படுத்துவது சங்கம் சேரும் உரிமையை மீறுவதாகாது எனத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் சில்வியா விட்லாக் துவார்ட்டே சங்கத்தின் தலைவரானார். ரோட்டரி சங்கம் ஒன்றின் முதல் பெண் தலைவர் இவரே. 1989இல் உலகெங்கும் இத்தடை நீங்கியது. பன்னாட்டு அமைப்புக்கு ஒரு பெண் (கனடாவின் ஜெனிபர் ஜோன்ஸ்) தலைவராக 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

போலியோ ஒழிப்பு

ரோட்டரியின் பணிகளுள் மிகப் பெரியது இதுவே. 1979இல் பிலிப்பைன்சில் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து வழங்குவதில் தொடங்கி, 1985இல் உலகளாவிய திட்டமாக விரிந்தது. 1988 முதல் உலக சுகாதார அமைப்பு, யுனிசெப் முதலியவற்றுடன் இணைந்து நடைபெறுகிறது. நிதி திரட்டுவதோடு, முகாம்களில் உறுப்பினர்கள் தாமே சொட்டு மருந்து ஊட்டுவதும் உண்டு. இந்தியாவில் இயல்பாகப் பரவிய போலியோ கடைசியாகச் சனவரி 2011இல் மேற்கு வங்கத்தில் பதிவானது. மார்ச் 27, 2014 அன்று நாடு போலியோ அற்றதெனச் சான்றளிக்கப்பட்டது.

தெற்காசியாவில்

கல்கத்தாவில் 1919இலும், சென்னையிலும் கொழும்பிலும் 1929இலும் சங்கங்கள் உருவாயின. 1962-63இல் நிதிஷ் லாகரி பன்னாட்டுத் தலைவரான முதல் இந்தியர் ஆனார். 2015-16இல் கொழும்பைச் சேர்ந்த கே. ஆர். ரவீந்திரன் இப்பொறுப்பை வகித்தார். இலங்கையிலிருந்து இப்பதவிக்கு வந்த முதலாமவர் இவர். இலங்கை உள்நாட்டுப் போரின்போது, தடுப்பு மருந்து வழங்கும் நாட்களில் இரு தரப்பும் போரை நிறுத்திவைக்க யுனிசெப்புடன் இணைந்து பேச்சு நடத்திய குழுவுக்கு இவர் தலைமை தாங்கினார்.