கதிரையும் மேசையும்

மட்டக்களப்பு வாவியின் நடுவே, புளியந்தீவில் நிற்கும் கோட்டையை மக்கள் ஒல்லாந்தர் கோட்டை என்பர். ஆயின் அதனை முதலில் எழுப்பியோர் போர்த்துக்கேயர், ஆண்டு 1628. அந்நாளில் போர்த்துக்கல்லுக்குத் தனி அரசன் இல்லை. 1580 முதல் 1640 வரை ஸ்பானிய மன்னரே அந்நாட்டின் முடியையும் சூடியிருந்தனர். அக்கோட்டை எழுவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்னரே, இரண்டு விருந்துகள் இக்கரையின் விதியை ஒருவாறு எழுதிவிட்டன.

ஸ்பானியருடன் போரிட்டுக்கொண்டிருந்த ஒல்லாந்தர், மிளகும் கறுவாவும் தேடிக் கீழைக்கடலுக்கு வந்தனர். 1602 மே 31ஆம் நாள் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக்கு அப்பால் நங்கூரம் பாய்ச்சினான். பின்னர் அங்கிருந்து கண்டிக்குச் சென்றான்.

கண்டியில் அரசு வீற்றிருந்தவன் முதலாம் விமலதர்மசூரியன். அவன் கோவாவில் போர்த்துக்கேயரிடையே வாழ்ந்தவன். ஸ்பானியக் கடற்படைத் தலைவன் ஒருவனின் பெயரையே திருமுழுக்குப் பெயராகப் பெற்று, ‘ஒஸ்திரியாவின் தொன் யுவாம்’ எனப்பட்டவன். பின்னர் அவர்களையே எதிர்த்து வாளெடுத்தான். அவன் அரசியும் தோனா கத்தரீனா என்ற பெயருடன் போர்த்துக்கேயரிடம் வளர்ந்தவளே.

மாலை வேளையில் விருந்தினனை மன்னன் தன் மண்டபத்திற்கு அழைத்தான். சுவர்களில் சித்திரத் திரைகள், நடுவே மேசை, சுற்றிலும் ஸ்பானியக் கதிரைகள். யாவும் கிறித்தவர் முறைப்படி அமைந்திருந்தன என்று ஸ்பில்பேர்கனின் பயணக் குறிப்பு கூறுகிறது. பகைவனின் பகைவனை, பகைவனின் கதிரையிலேயே இருத்தி உபசரித்தான் மன்னன். ஒல்லாந்தர் இந்நாட்டில் கோட்டை கட்ட விரும்பின், தானும் அரசியும் பிள்ளைகளும் தோளில் கல் சுமந்து உதவுவதாகவும் உரைத்தான்.

அடுத்த ஆண்டு, 1603இல், மட்டக்களப்புக் கரையில் இரண்டாம் விருந்து நிகழ்ந்தது. ஒல்லாந்தரின் தலைவன் செபால்ட் டி வேர்ட். தான் கைப்பற்றிய 4 போர்த்துக்கேயக் கப்பல்களில் இருந்தோரை அவன் விடுவித்தமை மன்னன் உள்ளத்தில் ஐயத்தை விதைத்திருந்தது. விருந்தில் மது மிகுந்தது. கப்பலுக்கு வந்தேயாக வேண்டுமென்று டி வேர்ட் வற்புறுத்தினான், மன்னன் மறுத்தான். அப்போது அரசியைக் குறித்து ஓர் இழிசொல் அவன் வாயிலிருந்து வந்தது. இந்த நாயைக் கட்டுங்கள் என்று மன்னன் ஆணையிட்டான். அவ்வாணை பிறந்ததும் போர்த்துக்கேய மொழியிலேயே. டி வேர்ட்டும் அவனுடன் வந்த ஏறத்தாழ 50 பேரும் மாண்டனர்.

கப்பலில் எஞ்சியோருக்கு மன்னன் அதே மொழியில் ஓலை விடுத்தான். மது அருந்துதல் நன்றன்று, கடவுள் நீதி செய்தார், சமாதானம் வேண்டுமாயின் சமாதானம், போர் வேண்டுமாயின் போர் என்பதே அதன் கருத்து.

ஒரு சொல்லால் முறிந்த அந்த நட்பு மீண்டும் கைகூட 35 ஆண்டுகள் சென்றன. அந்த இடைவெளியிலேதான் போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டினர். கத்தரீனாவின் மகன் இரண்டாம் இராசசிங்கனும் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டும் 1638 மே 18இல் அதனைக் கைப்பற்றினர். தந்நாட்டிலிருந்து அந்நியரை அகற்ற விழைந்த கண்டி மன்னர், ஓர் அந்நியருக்குப் பதில் வேறோர் அந்நியரைப் பெற்றனர்.

போர்த்துக்கேயர் சென்றனர், ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் சென்றனர். போர்த்துக்கேய மொழியோ வாவிக்கரைப் பறங்கியர் இல்லங்களில் தங்கிவிட்டது. தச்சு வேலையிலும் இரும்பு வேலையிலும் பெயர் பெற்ற இச்சமூகத்தினர், திருமண விருந்துகளில் வயலின் இசைக்க ‘கவ்றிஞ்ஞா’ ஆடி மகிழ்வர். 2004 திசெம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை டச்பார்க் கரையில் இவர்களுள் பலரைக் கொண்டுசென்றது. இன்று இளையோர் நாவில் தமிழே மிகுதி. முன்னோர் மொழி முதியோரிடம் ஒதுங்கி நிற்கிறது.

ஆயினும் அம்மொழி முற்றாக மறையாது. தமிழகத்தார் நாற்காலி என்பதை ஈழத்தார் கதிரை என்கின்றனர். அது ‘கதெய்ரா’ என்ற போர்த்துக்கேயச் சொல். மேசையும் அவ்வாறே வந்தது. பாணும் அவ்வாறே வந்தது. மட்டக்களப்பில் எவரேனும் விருந்தினரை வரவேற்றுக் கதிரையில் அமரச் சொல்லும்போது, கண்டி மண்டபத்து அந்த மாலை விருந்தின் சொல்லே இன்றும் அவர் நாவில் ஒலிக்கிறது.