4294967297: ஃபெர்மா வகுத்துப் பார்க்காத எண்

32 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் 4294967295. புரோகிராம் எழுதுகிற பலருக்கு இது மனப்பாடம். அதோடு 2-ஐக் கூட்டினால் 4294967297, அதாவது 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1. இந்தப் பத்து இலக்க எண் பகா எண்ணா இல்லையா என்பது 92 வருஷம் தெரியாமலேயே இருந்தது.

கதை 1640-இல் தொடங்குகிறது. பிரான்சின் துலூஸ் நகர நீதிமன்றத்தில் வேலை, ஓய்வு நேரத்தில் கணிதம். இதுதான் பியர் த ஃபெர்மா. 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டிப்பாக்கி, ஒவ்வொன்றோடும் 1 கூட்டினார். கிடைத்தவை 3, 5, 17, 257, 65537. ஐந்துமே பகா எண்கள். இப்படியே போனால் எப்போதும் பகா எண்தான் வரும் என்று நண்பர் ஃப்ரெனிகலுக்கு எழுதினார். முழு நிரூபணம் கையில் இல்லை, ஆனால் நம்பிக்கை அசையவில்லை. நம்ம பாஷையில் சொன்னால், அஞ்சு டெஸ்ட் கேஸும் பாஸ்! ஆறாவது கேஸ்தான் 4294967297.

1729 டிசம்பரில் கோல்ட்பாக் ஒரு கடிதத்தின் கடைசியில், ஃபெர்மாவின் இந்தக் கூற்று தெரியுமா என்று ஆய்லரிடம் கேட்டார். ஆய்லருக்கு அப்போது வயது 22. 1732-இல் பதில் வந்தது:

4294967297 = 641 × 6700417

ஆக, அது பகு எண். ஃபெர்மா சொன்னது தவறு.

சரி, 641 அவ்வளவு எட்டாத எண்ணா? இல்லவே இல்லை. 2, 3, 5 என்று பகா எண்களால் வரிசையாக வகுத்துக்கொண்டே போனாலும் 116-ஆவதாக 641 வந்துவிடும். சலிப்பான வேலைதான், ஆனால் சில நாளில் முடிகிற வேலை.

இன்னும் சுருக்கமான வழியும் உண்டு. p என்ற பகா எண் இதை வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2-இன் அடுக்குகளை p-ஆல் வகுக்கும்போது, மீதி 1 முதன்முதலில் வருவது 64-ஆம் அடுக்கில்தான். ஆனால் p-1 ஆம் அடுக்கிலும் மீதி 1 வந்தாக வேண்டும். எனவே p-1 என்பது 64-இன் மடங்கு. அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641... ஐந்தாவது வகுத்தலிலேயே விடை!

இதில் வேடிக்கை என்னவென்றால், p-1 ஆம் அடுக்கு பற்றிய அந்த விதி ஃபெர்மாவுடையதேதான். அதையும் அதே 1640-இல், அதே ஃப்ரெனிகலுக்குத்தான் எழுதியிருக்கிறார். சாவி அவர் கையிலேயே இருந்தது. பூட்டில் போட்டுப் பார்க்கவில்லை, அல்லது போட்டபோது கணக்கு எங்கோ பிசகியது.

இதற்கு அடுத்த எண்ணையும் 1880-இல் லாண்ட்ரி என்பவர், 80 வயதைத் தாண்டிய பிறகு, காரணிப்படுத்திவிட்டார். இன்றுவரை 32-ஆம் அடுக்கு முதல் அடுத்தடுத்த 28 எண்களைச் சோதித்தாயிற்று. எல்லாமே பகு எண்கள். எப்போதும் பகா எண்தான் என்று ஃபெர்மா சொன்ன வரிசையில், அவர் பார்த்த அந்த ஐந்தைத் தவிர ஆறாவது பகா எண் இன்னும் யாருக்கும் அகப்படவில்லை.