ஆனர்ஸா, சாதாரணப் பட்டமா, டிப்ளமாவா? சேர்வதற்கு முன் ஒரு நிமிடம்

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த மறுநாளே நம் வீடுகளில் தொடங்கிவிடும் பேச்சு இது. சுந்தரபாண்டியத்திலிருந்து பஸ் ஏறினால் கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டிப் போனால் ராஜபாளையத்தில் ராஜுக்கள் கல்லூரி, பி.ஏ.சி. ராமசாமி ராஜா பாலிடெக்னிக். நான்காண்டுப் படிப்பு, மூன்றாண்டுப் பட்டம், டிப்ளமா எல்லாமே இந்த ஒரே பஸ் பாதையில் கிடைத்துவிடுகின்றன. எது பக்கம், எதற்குப் பீஸ் குறைவு, சித்தப்பா மகன் எதில் சேர்ந்தான் என்று பார்த்தே பெரும்பாலும் முடிவாகிறது. படிப்பின் பெயருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

முதலில் டிப்ளமாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். மார்க் குறைந்த பிள்ளைக்குத்தான் டிப்ளமா என்ற எண்ணம் நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. டாக்டர் அப்துல் கலாம் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்த பிறகு, சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்தார். 1949இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம் அன்று கொடுத்தது டிப்ளமாதான். பட்டம் முடித்தவர் டிப்ளமா படிக்கப் போனார்! சேருவதற்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது, அவருடைய சகோதரி தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அவர் வாங்கிய தாளின் பெயர் டிப்ளமா என்பது நம்மில் பலருக்கு இன்றும் தெரியாது.

இன்றைய காலத்திலும் டிப்ளமாவுக்கு மட்டுமே திறக்கும் கதவுகள் உண்டு. நம் பெண்பிள்ளைகள் பலர் ஆசிரியர் பணியை விரும்புகிறார்கள். பி.ஏ., பி.எட். என நான்கைந்து வருடம் படித்தால் எந்த வகுப்புக்கும் பாடம் எடுக்கலாம் என்று நினைத்துக்கொள்கிறோம். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, தொடக்க வகுப்பு ஆசிரியர் பணிக்கு பி.எட். தகுதியாகாது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்க, பிளஸ் டூவுக்குப் பின் இரண்டு வருடம் படிக்கும் தொடக்கக் கல்வி டிப்ளமாவும் ஆசிரியர் தகுதித் தேர்வும் வேண்டும். பட்டம் பெரிது, டிப்ளமா சிறிது என்ற கணக்கு இங்கே தலைகீழாகிவிடுகிறது.

பாலிடெக்னிக் டிப்ளமா பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்று வருடம். பிளஸ் டூவில் உரிய பாடங்கள் படித்தவர்கள் நேரடியாக இரண்டாம் வருடத்தில் சேரலாம். முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர தமிழக அரசு தனிக் கலந்தாய்வே நடத்துகிறது. நடுவில் ஓரிரு வருடம் மில்லிலோ வளைகுடாவிலோ வேலை பார்த்து, பணம் சேர்த்துக்கொண்டு படிப்பைத் தொடரவும் முடியும். கல்விக்காக வட்டிக்கடன் வாங்கத் தயங்கும் குடும்பங்களுக்கு இந்த வழி எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை. கம்ப்யூட்டர் சென்டரில் ஆறு மாதம் படித்தாலும் டிப்ளமா என்றுதான் தாள் கொடுக்கிறார்கள். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம், நர்சிங் கவுன்சில், பார்மசி கவுன்சில் என அந்தந்தத் துறைக்குரிய அமைப்பின் அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில், மகளை லேப் டெக்னீஷியன் படிப்பு என்று நம்பிச் சேர்த்து இரண்டு வருடம் பீஸ் கட்டினார்கள். வேலைக்கு விண்ணப்பித்தபோதுதான் அந்தத் தாள் செல்லாது என்று தெரிந்தது. அந்தப் பிள்ளை மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

இனி ஆனர்ஸ். நம் தாத்தா காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இன்டர்மீடியட் முடித்தபின் சாதாரண பி.ஏ. இரண்டு வருடம், ஆனர்ஸ் மூன்று வருடம். ஆனர்ஸ் முடித்தவர்கள் பின்னர் தனியாகப் படிக்காமலே எம்.ஏ. பெற்றார்கள். அந்த மதிப்பின் வாசனை இன்னும் அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இலங்கையில் உள்ள நம் உறவினர்கள் சிறப்புப் பட்டம், பொதுப் பட்டம் என்று சொல்வதும் ஏறத்தாழ இதே பிரிவுதான்.

இன்று ஆனர்ஸ் என்றால் வேறு. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட வரைவுத்திட்டப்படி, மூன்று வருடம் 120 கிரெடிட் முடித்தால் பட்டம். நான்கு வருடம் 160 கிரெடிட் முடித்தால் ஆனர்ஸ். முதல் ஆறு செமஸ்டர்களில் 75 சதவீதம் எடுத்தவர்கள் நான்காம் ஆண்டில் ஆராய்ச்சியோடு கூடிய ஆனர்ஸ் படிக்கலாம். ஆனர்ஸ் முடித்தவர்களுக்கு முதுகலை ஒரு வருடத்தில் முடிந்துவிடும். கேரளம் 2024இல் நான்காண்டு முறைக்கு மாறியது. தமிழக அரசு தேசியக் கல்விக் கொள்கையை ஏற்காததால், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் நம் பகுதிக் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டமே நடக்கிறது.

அப்படியானால் மூன்றாண்டுப் பட்டம் குறைந்ததா? இல்லை. குரூப் 1, குரூப் 2, யு.பி.எஸ்.சி., வங்கித் தேர்வு எல்லாவற்றுக்கும் அதுவே போதும். மூன்றும் இரண்டும் ஐந்து. நான்கும் ஒன்றும் ஐந்து. எம்.ஏ. வரை போகும் பிள்ளைக்கு மொத்த வருடம் ஒன்றுதான். முதுகலைக்குப் போகப்போவதில்லை, வேலைக்குத்தான் போகிறான் என்றால், நான்காவது வருடப் பீஸ் எதற்கு என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பதினாறு வருடப் படிப்பு கேட்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு முயல்பவர்களுக்கும் ஆராய்ச்சியில் நாட்டமுள்ளவர்களுக்கும் அந்த வருடம் பயன்படும்.

எல்லா ஆனர்ஸும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. வேளாண்மைக்கு ஆனர்ஸ் என்ற பெயர் உண்டு. அதில் தேர்வு செய்ய ஒன்றுமில்லை, நான்கு வருடம்தான். சட்டப் படிப்பில் கதை வேறு. சென்னையில் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியில் பி.ஏ., எல்.எல்.பி. ஆனர்ஸ், மதுரை, நெல்லை அரசு சட்டக் கல்லூரிகளில் அதே ஐந்து வருடம், ஆனர்ஸ் இல்லாமல். இரண்டிலும் முடித்தவர்கள் ஒரே பார் கவுன்சிலில்தான் பதிவு செய்கிறார்கள். அரசுக் கல்லூரியில் பீஸும் குறைவு.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் மனம்விட்டுப் பேச வேண்டியிருக்கிறது. இரண்டாம் வருடத்தில் நல்ல வரன் வந்தது என்று நிறுத்திவிடுகிறோம். புதிய வரைவுத்திட்டத்தில் இரண்டு வருடத்தோடு வெளியேறினால் டிப்ளமா என்ற ஏற்பாடு உண்டு. நம் பகுதியின் மூன்றாண்டுப் பட்டத்தில் பாதியில் நின்றால் கையில் மார்க் பட்டியல் மட்டும்தான் மிஞ்சும். நிக்காஹ் பேசும்போதே மீதிப் படிப்பையும் சேர்த்துப் பேசி முடித்துவிடுங்கள்.

ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. பட்டம், டிப்ளமா இரண்டுக்கும் உண்டு. முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத இடஒதுக்கீட்டுக்குச் சாதிச் சான்றிதழில் முஸ்லிம் என்று மட்டும் இருந்தால் போதாது. லெப்பை, ஷேக், சையத், தக்கனி முஸ்லிம் என அரசுப் பட்டியலில் உள்ள பிரிவு குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். விண்ணப்பத் தேதி முடியும் வாரத்தில் இ-சேவை மையத்தில் வரிசை நீளும். சான்றிதழை இப்போதே எடுத்துப் பாருங்கள்.