புகைப்பழக்கமும் இளவயது ஈறு நலமும்

ஈறு நோய் இரண்டு கட்டமாக வளர்கிறது. பல்லோரத்தில் படியும் கிருமிப்படலத்தால் ஈறு சிவந்து, துலக்கும்போது இரத்தம் கசிவது முதல் கட்டம். சுத்தம் செய்தால் இது முழுவதும் ஆறிவிடும். அழற்சி கீழிறங்கி, பல்லைத் தாங்கும் எலும்பை அரிப்பது இரண்டாம் கட்டம். அரிபட்ட எலும்பு தானாக வளராது. மலேசியாவில் 2010-இல் நடந்த தேசிய வாய்நல ஆய்வில் பெரியவர்களில் 94 விழுக்காட்டினரிடம் ஏதோ ஓர் அளவில் ஈறு நோய் இருந்தது. கடுமையான நிலையில் இருந்தவர்கள் 18.2 விழுக்காடு. 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி ஆண்களில் 40.5 விழுக்காட்டினர் புகைபிடித்தனர். தியோமான் தீவுக்கான படகுத்துறையும் மீன்பிடித் துறைமுகமும் உள்ள, ஜொகூர் மாநிலத்தின் மெர்சிங் போன்ற சிற்றூருக்கு இவ்விரு கணக்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

புகைபிடிக்கும் இளைஞரின் ஈறு பெரும்பாலும் பார்வைக்கு நன்றாகவே இருக்கும் என்பதுதான் சிக்கல். நிக்கோட்டின் நுண்குழாய்களைச் சுருக்குகிறது; கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்களின் வேலையும் மந்தமாகிறது. அதனால் இரத்தக்கசிவு என்ற எச்சரிக்கை அடங்கிப்போக, எலும்பு அரிப்பு மட்டும் உள்ளே தொடர்கிறது. மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய ஆய்வுக்கோலை மருத்துவர் பல்லுக்கும் ஈறுக்கும் இடையே விட்டுப் பார்க்கும்போதுதான் நிலைமை தெரியும். மூன்று மில்லிமீட்டருக்குள் நின்றால் பெரும்பாலும் கவலையில்லை. அதைத் தாண்டி இறங்கினால் அங்கே பை உருவாகத் தொடங்கியிருக்கிறது என்று பொருள்.

பல் துலக்காததற்குச் சிகரெட் மீது பழி போடுகிறார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. துலக்காமை ஒரு காரணம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அமெரிக்காவில் 1988 முதல் 1994 வரை திரட்டிய தேசியத் தரவுகளில், வயது, வருமானம் போன்றவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும், புகைப்போருக்கு எலும்பைத் தாக்கும் ஈறு நோய் இருக்கும் வாய்ப்பு புகைக்காதவரைவிட ஏறக்குறைய நான்கு மடங்காக இருந்தது. நாளொன்றுக்குப் பிடிக்கும் சிகரெட் கூடக்கூட அந்த வாய்ப்பும் ஏறியது. துலக்காமையை மட்டும் வைத்து இந்த ஏற்றத்தை விளக்குவது கடினம்.

இளையோரைப் பற்றிய வலுவான சான்று நியூசிலாந்தின் டுனெடினிலிருந்து வருகிறது. 1972-73-இல் பிறந்தவர்களை 26 வயதிலும் 32 வயதிலும் பரிசோதித்தார்கள். 26-க்குப் பிறகு புதிதாக நோய் கண்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குப் புகையே காரணமெனக் கணக்கிடப்பட்டது. 26-க்குப் பிறகு புகையை விட்டவர்களின் ஈறோ, ஒருபோதும் புகைக்காதவர்களின் ஈறிலிருந்து குறிப்பிடத்தக்க அளவு வேறுபடவில்லை. 'வயதானபின் விட்டுக்கொள்ளலாம்' என்ற வாதம் இங்கே அடிபடுகிறது. நடுத்தர வயதில் விடுவதும் வீணல்ல. ஆனால் அதற்குள் போன எலும்பு போனதுதான்.

புகையை விட்டதும் வாயில் இரத்தம் வருகிறதே, பிடித்தபோது இல்லையே என்பது அடுத்த முறையீடு. அனுபவம் உண்மை, அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தவறு. புகையை விட்ட 27 பேரை வைத்து 2003-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், ஆய்வுக்கோல் பட்டுக் கசிந்த இடங்கள் நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் 16 விழுக்காட்டிலிருந்து 32 ஆக ஏறின; அவர்கள் வாயைச் சுத்தமாக வைத்திருந்தும்கூட. அடக்கி வைக்கப்பட்டிருந்த அழற்சி மறுபடி தெரியத் தொடங்கியதே இதற்குக் காரணம். இதை முன்கூட்டிச் சொல்லாமல் விட்டால் பயந்துபோன இளைஞர் மறுபடி சிகரெட்டை எடுத்துவிடலாம்.

வேப் எனும் மின்சிகரெட்டுக்கு மாறுவது தீர்வா? அதிலும் நிக்கோட்டின் இருந்தால் நுண்குழாய்ச் சுருக்கம் தொடரும். நெடுங்காலச் சான்றோ இன்னும் திரளவில்லை. சட்டத்தைப் பார்த்தால், ஜொகூர் 2016-இலேயே வேப் விற்பனையைத் தடுத்தது. 2019 முதல் உணவகங்களிலும், அவற்றைச் சுற்றி மூன்று மீட்டருக்குள்ளும் நாடு முழுவதும் புகைக்கத் தடை இருக்கிறது; 2024 அக்டோபரில் புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் 852 நடப்புக்கு வந்தது. சட்டம் புகைக்கும் இடத்தைச் சுருக்கும். ஈறுக்குள் இருக்கும் பையை அதனால் அளக்க முடியாது. ஆகவே பல் கிளினிக்கில் பற்காரை எடுக்க வரும் இருபது வயதுக்காரரிடம் புகைப்பதுண்டா என்று கேட்டு, பையை அளந்து, விட்டபின் சில வாரம் இரத்தம் வரலாம் என்று அங்கேயே சொல்லிவிடுவது சிகிச்சையின் பகுதியாக வேண்டும்.